அய்யாசாமி என்று அச்சில் வேண்டாம்

ரிங்லெட்,
11.11.1984

மகள் குணவதிக்கு அப்பா எழுதுவது. வீட்டில் எல்லாருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. எனக்கு மனசு நன்றாக இல்லை. காரணம் உன் கடிதம்.

அம்மா முறுக்கும் மிளகாய்ப்பொடியும் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறாள். மழை விடவில்லை. ரோட்டில் மண் சரிந்து தபால் தாமதம். பிரிஞ்சாங் சாப்பாட்டுக்கடை கமருஸ்ஸமான் என்னைக் கண்டால் போதும், என்ன அண்ணே, மகள் கனடாவில் ஐஸ் கச்சாங் அளக்குதாமே லா என்கிறான். அவன் சீவிப் பாகு ஊற்றி விற்கும் ஐஸும் இதுவும் ஒன்றாம். அவனுக்கே விளக்கிச் சொன்னவன் நான். கோடையில் உருகாமல் தப்பிய கடல்பனி பழைய பனி. அதில் உப்பு வடிந்துவிடும். அதனால் அது விடும் நுண்ணலை வேறு மாதிரி. இருட்டானாலும் மேகமானாலும் செயற்கைக்கோள் அதைக் கண்டுகொள்ளும். எல்லாம் நீ எழுதி, நான் அகராதி வைத்துப் படித்தது. என்னிடம் மழுப்பாதே.

போன வருடம் அக்டோபரில் பழைய பனி திடீரென்று குறைந்ததாகக் கருவி காட்டியது. இரண்டு வாரத்தில் பழையபடி ஏறிவிட்டது. குளிரில் புதுப்பனி பிறக்கும், பழைய பனி எப்படிப் பிறக்கும்? வெதுவெதுப்பான காற்று அடித்து மேலே கிடந்த பனித்தூள் நனைந்தது, ஈரத்தில் கருவி ஏமாந்தது, பனி எங்கேயும் போகவில்லை என்று கண்டுபிடித்தவள் நீ. உன் பேராசிரியர் என்ன சொல்கிறார்? ஏறிய வாரங்களை எடுத்துவிடு, குறைந்ததை மட்டும் காட்டு, கட்டுரையும் எடுபடும், பட்டமும் வரும் என்கிறார். நீயும் தலையாட்டப் போகிறாயாம்.

அதைவிட என்னைச் சுட்டது உன் கடைசி வரி. அங்கே தகப்பன் பெயரைத்தான் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வார்களாம். அய்யாசாமி கட்டுரை என்றே உலகம் சொல்லுமாம். நான் சந்தோஷப்படுவேனாம்! குணவதியைக் காணோம், பொய் முழுக்க என் தலையில். தேயிலைத் தொழிற்சாலையில் துரையே, அய்யாசாமி சொன்னால் சரியாக இருக்கும் என்று சொல்ல, முப்பது வருடம் வேலை பார்த்தவன். அந்தப் பெயரை யாரைக் கேட்டு அவர்களிடம் கொடுத்தாய்?

அம்மா அடுப்படியிலிருந்து கத்துகிறாள். பிள்ளை பட்டத்தோடு வரட்டும், எங்கேயோ பனி இருந்தால் என்ன, போனால் என்ன, கிழவனுக்கு வீம்பு என்கிறாள். அவள் சொன்னதையும் எழுதிவிட்டேன். டாக்டர் குணவதி என்று தோட்டத்து லயத்தில் வீடு வீடாகச் சொல்லிவைத்திருக்கிறாள், அதுதான் அவள் பயம்.

எல்லா வாரத்தையும் போடு. இல்லையென்றால் கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடு. பட்டம் இல்லை என்று சொன்னால் புறப்பட்டு வா. தாப்பாவிலிருந்து பேருந்து வந்து நிற்கும் இடத்தில் குடையோடு நிற்பேன். கமருஸ்ஸமான் கேட்பதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அம்மாவுக்கும் நானே சொல்லிக்கொள்கிறேன். நீ வாயே திறக்க வேண்டாம்.

முருகன் துணை இருப்பான். அங்கே குளிர் அதிகமாம், காதை மூடிக்கொள். இதைப் படித்த பிறகு மூடிக்கொள்.

உன் அப்பா,
அய்யாசாமி