உன் பெயருக்கு வந்த கேபினெட்

அடியே,

இன்று மதியம் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது கூரியர்க்காரர் வாசலில் நின்று உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். என் வீட்டு வாசலில், உன் பெயரை. உனக்குக் காரியம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கஞ்சி கொட்டிய கையோடு ஓடி வந்து பார்த்தால், என் இடுப்பு உயரத்துக்கு ஒரு அட்டைப்பெட்டி. நம் கம்ப்யூட்டருக்கு நீ ஆர்டர் போட்ட பெரிய கேபினெட். ஸ்டாக் இல்லை, ஸ்டாக் இல்லை என்று இழுத்தடித்துக்கொண்டே இருந்தார்களே, அது. நீ இருந்தவரை வராத சனியன் இப்போது வந்து நிற்கிறது.

"ஓ.டி.பி. செப்பண்டி மேடம்" என்றார். போனுக்கு வந்த நம்பரைச் சொல்லணுமாம்.

எனக்கு எதுவும் வரவில்லை என்றேன். ஆர்டர் போட்டவர்களின் நம்பருக்குத்தான் போகும் என்றார். "வாள்ளனி பிலவண்டி" என்றார். கூப்பிடுங்களாம். எங்கேயென்று கூப்பிடுவதடி? விஷயத்தைச் சொன்னால் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்ற பயத்தில் உன் நம்பருக்கே போன் போட்டேன். உன் வீட்டுக்காரர் எடுத்தார்.

"இன்னான்னாவோ நம்பர் வந்துக்கினே கீதும்மா, எது எதுக்குன்னு ஒண்ணும் புரியல. இரு, நானே வரேன்."

உன் போனைக் கையில் பிடித்தபடி வண்டியில் வந்து இறங்கினார். தாடியும் அதுவுமாக ஆளே அடையாளம் தெரியவில்லை. கூரியர்க்காரர் போனைப் பார்த்து நம்பரை அடித்துக்கொண்டு, பெட்டியை உள்ளே தள்ளிவிட்டுப் போய்விட்டார். எல்லாரும் உன்னைப் பற்றி நல்லது நல்லதாகவே பேசிக்கொண்டிருக்கிறார்கள். தங்கமான பொண்ணு, யாரையும் ஒரு வார்த்தை சொல்லாது என்று. பேசட்டும். நான் திட்டப் போகிறேன். அதற்குத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

திருத்தணியிலிருந்து கல்யாணமாகி, எல்லை தாண்டி ஆந்திராவில் இந்த நகரிக்கு வந்தவள் நான். ஆதாரில் விலாசம் மாற்ற உன் ஆன்லைன் சென்டருக்கு வந்தபோதுதான் உன்னை முதலில் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் மிஷின், ரெண்டு கம்ப்யூட்டர். மதிய நேரம், ஒரு ஈ காக்கா இல்லை. நீ ஸ்கிரீனுக்குள் தலையை விட்டுக்கொண்டு கார் ஓட்டிக்கொண்டிருந்தாய். "ஒரு நிமிஷம்கா, இந்த திருப்பம் போனதும் பாக்கறேன்" என்றாய். அந்தத் திருப்பத்தில் மோதிப் போனாய். "பிரேக்க முன்னாடியே புடிச்சிருக்கணும்" என்று நான் வாயை விட்டேன். நீ நாற்காலியை விட்டு எழுந்து, "அப்டின்னா நீ ஓட்டு" என்றாய். விலாசம் மாறியதோ இல்லையோ, அன்றைக்கு சாயங்காலம் வரைக்கும் அங்கேயே இருந்தேன். வீட்டில் மாமியாரிடம் சர்வர் வேலை செய்யவில்லை என்று சொன்னேன்.

அதற்கப்புறம் நூல் கடையில் பில் போடும் வேலை முடிந்தால் நேரே உன்னிடம்தான். உன் சென்டர் கம்ப்யூட்டர் பாவம், சான்றிதழ் பிரிண்ட் எடுக்கவே மூச்சு வாங்கும். அதில் துப்பாக்கி விளையாட்டு ஓடுமா? நாம் சுடுவதற்குள் எதிரில் இருப்பவன் சுட்டுவிட்டு வீட்டுக்கே போய்விடுவான். அப்போதுதான் பேச்சு வந்தது. ரெண்டு பேரும் சேர்ந்து, என் வீட்டு மாடி ரூமில், நமக்கென்று ஒரு கேமிங் கம்ப்யூட்டர்.

எத்தனை சண்டை போட்டோம் அதற்கு! ரெடிமேடாக வாங்கிவிடலாம் என்றேன் நான். "எதாவது ரிப்பேர்னா ஒரு கடைக்காரன் சட்டையப் புடிச்சா போதும். நீ சொல்ற மாதிரி ஒவ்வொண்ணா வாங்கி மாட்டுனா எத்தினி பேரு சட்டையப் புடிக்கறது?" நீ கேட்டால்தானே. "மூடி விக்கற பெட்டியில உள்ள இன்னா வச்சிக்கிறான்னு உனக்குத் தெரியுமா? வெளிய லைட் எரியும். உள்ள எஸ்.எம்.பி.எஸ். சொத்தையா இருக்கும். கரண்ட் குடுக்கறது சொத்தையா இருந்தா அத்தோட மொத்தமும் பூடும்டி." இதை நீ சொன்னபோது உன் முகத்தில் இருந்த கறாரை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

கடைசியில் என் பேச்சுக்காக ஒருதரம் கடையில் போய்ப் பார்க்கலாம் என்று திருப்பதிக்கு ரயிலேறினோம். மொட்டை போட்டுக்கொண்டு திரும்புகிறவர்கள், போடப் போகிறவர்கள் என்று பெட்டியெல்லாம் ஒரே கூட்டம். நாம் ரெண்டு பேர் மட்டும் கிராபிக்ஸ் கார்டைப் பற்றிப் பேசிக்கொண்டு போனோம். கடையில் நுழைந்ததும் அந்த ஆள் பல்லெல்லாம் தெரிய, "பாபு கோசமா மேடம்?" என்றான். உங்கள் பையனுக்கா என்று. எனக்குப் பிள்ளையே இல்லை, உனக்கு இருப்பது பெண். நீ சிரிக்காமல், "பாபு லேடு. மேமே ஆடதாம்" என்றாய். பையன் இல்லை, நாங்கதான் விளையாடுவோம். அவன் முகம் போன போக்கு!

நான் எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில், இதற்கு இன்னும் கொஞ்சம் பெரிய எஸ்.எம்.பி.எஸ். போடணுமா என்று கேட்டேன். அவன் "அவசரம் லேது மேடம்" என்றான். நானும் பெருந்தன்மையாக, "பரவால்லங்க, அவசரம் இல்லன்னா அடுத்த வாரம் வந்து மாத்திக்கறோம்" என்றேன். அவன் என்னைப் பார்க்கிறான், உன்னைப் பார்க்கிறான். நீ என் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்து, சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை என்று எனக்கு எந்த மகராசி சொல்லிக்கொடுத்தாள்? திருத்தணியில் அவசரம் என்றால் அவசரம்தான். சீக்கிரம் என்று அர்த்தம். அவன் தேவையில்லை என்கிறான், நான் மெதுவாகச் செய்யலாம் என்று புரிந்துகொள்கிறேன்.

அதோடு விட்டாயா? அதற்கப்புறம் அந்த வார்த்தை எங்கே வந்தாலும் "எந்த அவசரம்டி? உன் ஊரு அவசரமா, என் ஊரு அவசரமா?" என்று கேட்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. டீ வேணுமா என்றால்கூட "அவசரம் இல்ல" என்பாய், நான் "எந்த ஊரு?" என்பேன். என் வீட்டுக்காரர் நம் ரெண்டு பேரையும் பைத்தியம் என்றார்.

அன்றைக்குத்தான் நானும் மனசு மாறினேன். பையனுக்கா என்று கேட்டவனிடம் வாங்கக் கூடாது என்ற வீம்பு. அசெம்பிள் பண்ணலாம் என்று முடிவாயிற்று. மதர்போர்டு ஒரு மாதம், ராம் ஒரு மாதம் என்று ஒவ்வொன்றாக வந்தது. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று விட்டுவிட்டேன். எல்லாம் தெரிந்த நீ இன்னா பண்ணினாய்? வெள்ளையாக, கண்ணாடி வைத்து, பார்க்க அழகாக இருக்கிறதென்று ஒரு குட்டிக் கேபினெட் வாங்கினாய். கிராபிக்ஸ் கார்டை உள்ளே வைக்கப் போனால் ஒரு விரல் அளவுக்கு நீளம் அதிகம். சாய்த்துப் பார்த்தாய், தள்ளிப் பார்த்தாய், கண்ணு, ராசாத்தி என்று கொஞ்சிக்கூடப் பார்த்தாய். போகுமா? "அளந்து பாக்காம வாங்கிட்டு கொஞ்சறதப் பாரு" என்று நான் கத்த, நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, அப்போதே போனை எடுத்துப் பெரிய கேபினெட்டுக்கு ஆர்டர் போட்டாய். என் வீட்டு விலாசம், உன் நம்பர்.

அந்த நாட்களில்தான் மாடிப்படி ஏறும்போது பாதியில் நிற்க ஆரம்பித்தாய். "இன்னாடி, கிழவியாட்டம்" என்றால், "துன்னது செரிக்கல" என்பாய். அப்புறம் உன் அம்மாவோடு திருப்பதிக்குப் போய் நெஞ்சைப் பரிசோதித்துக்கொண்டு வந்தாய். வால்வில் ஏதோ கோளாறு என்றாய். சின்ன வயதில் காய்ச்சல் வந்ததில் மிச்சம் என்றாய்.

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"ஆபரேஷன் பண்ணலாமாம். ஆனா அவசரம் இல்லியாம்."

நான் கேட்டேனே! கேட்டேனா இல்லையா? "எந்த அவசரம்டி? உன் ஊரா, என் ஊரா?" என்று கேட்டேன். நீ ஸ்க்ரூவை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, "ரெண்டு ஊருதும் இல்ல, போடி" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

அப்புறம் ஒருநாள் காலையில், சென்டரில் யாருக்கோ பட்டா நகல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே ஜெராக்ஸ் மிஷின் மேல் சாய்ந்துவிட்டாய். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியத்தன்று உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நீ கேட்டிருக்க வேண்டும். "நான் கூடத்தானம்மா இருந்தேன். ஆபரேஷன் அவசரம், ஆலஸ்யம் சேயொத்துன்னு டாக்டரு தெலுங்குல அம்மாம் தூரம் சொன்னாரு. இவ பண்ணிக்கறேன், பண்ணிக்கறேன்னு சொல்லிக்கினே இருந்தா. வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன்னு என்கிட்ட சொன்னா." உன் வீட்டுக்காரரிடம் நீ சொன்னது, மாத்திரையிலேயே சரியாகிவிடும் என்று. என்னிடம் சொன்னது, அவசரம் இல்லை என்று. தேவைதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தள்ளிப்போடாதே, சீக்கிரம் என்றும் சொல்லியிருக்கிறார். என் ஊர் அவசரமும் அதுதான், உன் ஊர் அவசரமும் அதுதான். ரெண்டு பாஷையிலும் பொய் சொல்லியிருக்கிறாய், பாவி. அதுவும் நம் விளையாட்டுப் பேச்சை வைத்து.

பயமா? பயந்தால் பயம் என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? நான் கூட வந்திருக்க மாட்டேனா? ஆஸ்பத்திரி வாசலில் பாய் போட்டுப் படுத்திருக்க மாட்டேனா? ஒரு எஸ்.எம்.பி.எஸ். சொத்தையாக இருக்கக் கூடாதென்று கடை கடையாக அலைந்தவளுக்கு, நெஞ்சுக்குள் இருப்பது சொத்தை என்று டாக்டரே சொல்லியும் உறைக்கவில்லையா? நீ எங்களுக்கு அவசரம்டி. தெலுங்கில் சொல்கிறேன். உன் பெண்ணுக்கு அவசரம், உன் அம்மாவுக்கு அவசரம். அது உன் மண்டையில் ஏறவே இல்லையே!

மதியம் கேபினெட் வந்து கூடத்தில் கிடந்தது. என் வீட்டுக்காரர் சாப்பிட வந்தவர் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார். "பேசாம எல்லாத்தையும் வித்துட்டு ரெடிமேடா ஒண்ணு வாங்கிடு. இத்த எதிர்ல வச்சிக்கினு எத்தினி நாளு அழுதுக்கினு இருப்ப?" நல்ல மனசில்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் எங்க அழுதேன்? நீ பாத்தியா?" என்று அவர் மேல் பாய்ந்தேன். வித்துவிட்டால் யாரோ ஒருவன் மதர்போர்டை ஒரு பக்கம், கார்டை ஒரு பக்கம் பிரித்து எடுத்துக்கொண்டு போவான். நாம் போட்ட சண்டைக்கெல்லாம் அப்புறம் என்ன அர்த்தம்? ரெடிமேட் வேணும் என்று சொன்னவளே நான்தான். இப்போது அந்த வார்த்தையைக் கேட்டாலே உடம்பெல்லாம் எரிகிறது.

சோறு அப்படியே இருக்க, பெட்டியை மாடிக்குத் தூக்கச் சொன்னேன். இன்னும் கிளம்பாமல் நின்றிருந்த உன் வீட்டுக்காரர் ஒரு பக்கம் பிடித்தார், என் வீட்டுக்காரர் மறுபக்கம். நீ செய்வதைப் பார்த்திருக்கிறேனே தவிர, நானாக ஒரு ஸ்க்ரூகூடத் திருகியதில்லை. குட்டிக் கேபினெட்டிலிருந்து எல்லாவற்றையும் கழற்றி, பெரியதில் மாட்டினேன். ஓரத்தில் சின்னச் சின்ன ஒயர், எழுத்து கண்ணுக்கே தெரியவில்லை. உன் வீட்டுக்காரர் உன் போனில் டார்ச் போட்டுப் பிடித்துக்கொண்டு நின்றார். "இதெல்லாம் அவளுக்குத் தெரியுமாம்மா?" என்றார். "தெரியும்ணா, அளக்கறது மட்டும் தெரியாது" என்றேன். முதல்முறையாக அவர் சிரித்தார். கிராபிக்ஸ் கார்டு டக்கென்று உட்கார்ந்தது. சுற்றி இடம் வேறு மிச்சம்.

ஸ்விட்சைப் போட்டேன். விசிறியெல்லாம் சுற்றியது. ஸ்கிரீன் கறுப்பாகவே இருந்தது. அப்போது உன்னைத் திட்டினேன் பார், வாயில் வந்ததெல்லாம். உன் புருஷன் எதிரில், ஜன்னல் திறந்திருக்க, தெருவே கேட்கட்டும் என்று திட்டினேன். பாதியில் விட்டுவிட்டுப் போவதற்கு எதற்கடி ஆரம்பித்தாய் என்று கேட்டேன். அவர் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுவந்து பிடித்தார். அந்த வெளிச்சத்தில் பார்த்தால், மேல் மூலையில் ப்ராசசருக்குப் போகிற கரண்ட் ஒயர் மாட்டாமல் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கிறது. மாட்டினேன். ஸ்கிரீன் வந்தது.

சாயங்காலம் விளையாடினேன். எவ்வளவு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது தெரியுமா? ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. முதல் ஆட்டத்திலேயே செத்துப்போனேன். வழக்கம்போல் பக்கத்தில் திரும்பி, உன்னாலதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

கல்யாணமாகி வந்த இந்த ஊரில் மாமியாரிடம் முகம் கோணாமல் பேச வேண்டும், கடை முதலாளியிடம் பல்லைக் காட்ட வேண்டும், புருஷனிடம்கூட எதையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். யோசிக்காமல் கத்த, காரணமே இல்லாமல் கோபித்துக்கொள்ள, மறுநாள் ஒன்றும் நடக்காத மாதிரி வந்து உட்கார எனக்கு இருந்தவள் நீ ஒருத்தி. இப்போது மலை மாதிரி கோபம் வந்திருக்கிறது. இதை எடுத்துக்கொண்டு நான் யாரிடமடி சண்டைக்குப் போவது?