நீ நிரப்பி வைத்துப்போன இரண்டு கேன்கள்

என் கண்ணு கார்த்திக்கு,

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. நான் வாழ்க்கைப்பட்ட பல்லடத்துக்கும் நம் வீடு இருக்கிற கணபதிக்கும் என்ன பெரிய தூரம்? நினைத்தால் ஃபோன், இல்லாவிட்டால் பஸ். இப்போது எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நீ முதலில் உன் கடல்மீன் தொட்டியைப் பற்றித்தான் கேட்பாய். நல்ல செய்தி இல்லை, கண்ணு. மான்கொம்பு மாதிரி கிளைவிட்டு நின்றதே ஊதாப் பவளம், அது போய்விட்டது. அதன் பக்கத்தில் இருந்த பச்சையும் போய்விட்டது. இரண்டும் வெள்ளைக் குச்சிகளாக நிற்கின்றன, எடுத்துப்போட யாருக்கும் மனசு வரவில்லை. மீன்கள் இருக்கின்றன. அடியில் படர்ந்திருந்த தடித்த பவளங்கள் சில பிழைத்துக்கொண்டன.

அன்றைக்கு நீ வேலை பார்த்த பட்டறையிலிருந்து அப்பாவுக்கு ஃபோன் வந்தபோது நான் கோழிப்பண்ணையில் தீவனம் இறக்கிக்கொண்டிருந்தேன். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உன்னை வீட்டுக்குக் கொண்டுவரும் முன்பே அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கேக்கறவிங்களுக்கு நெஞ்சு வலின்னு சொல்லீரு அம்மணி. போனவன் பேரு கெட வேண்டாம்."

சொன்னேன். சத்தியமங்கலத்துச் சித்தப்பாவிடம் சொன்னேன், உன்னோடு படித்தவர்களிடம் சொன்னேன், துக்கம் கேட்க வந்த என் மாமியாரிடமும் சொன்னேன். "முப்பத்தி நாலு வயசுல நெஞ்சு வலியா?" என்று ஒவ்வொருவரும் வாயில் கை வைத்தார்கள். பட்டறைக்காரர்களுக்கு உண்மை தெரியும். அவர்களும் நாங்கள் சொன்னதையே சொன்னார்கள்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு ஒரு மத்தியானம் தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரியைத் திறந்தேன். இரண்டு வெள்ளைக் கேன்கள். ஒன்றில் 'கால்சியம்', இன்னொன்றில் காரத்தன்மைக்கு நீ சுருக்கிச் சொல்லும் 'ஆல்க்' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தாய். இரண்டும் கழுத்துவரை நிறைந்திருந்தன. சொட்டுக்கூடச் சிந்தாமல் துடைத்து மூடி வைத்திருந்தாய். பக்கத்தில் அந்தச் சின்னப் பம்பு, நேரம் வந்ததும் தானாக ஓடி, ஒவ்வொரு கேனிலிருந்தும் கொஞ்சம் எடுத்துத் தொட்டியில் விட்டுவிட்டு நின்றது. நீ இல்லாததெல்லாம் அதற்கு எப்படித் தெரியும்?

"அன்னிக்குக் காத்தால அவந்தான் கலக்கி ரொப்புனான்" என்றாள் அம்மா. "பட்டறைல இருந்து போன் வந்தப்பக்கூட அவன் கழுவிக் கவுத்த வாளி ஈரங் காயலை. போகோணும்னு நெனைக்கறவன் இத்தனையும் ரொப்பி வெப்பானா, சொல்லு?"

திரும்பி வந்து பார்த்துக்கொள்ளத்தான் நிரப்பினாயா? இல்லை, நீ இல்லாவிட்டாலும் தொட்டி கொஞ்ச காலம் ஓடட்டும் என்று நிரப்பினாயா? ஒருநாள் அப்படித் தோன்றும், ஒருநாள் இப்படித் தோன்றும். பொங்கலுக்கு நான் வந்தபோதே நீ சரியாகத் தூங்குவதில்லை என்று சொன்னாய். பட்டறையில் வேலை அதிகம், அலுப்பு என்றுதான் நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு அம்மாவைக் கோபிக்காதே. கேன்களில் தண்ணீர் இறங்க இறங்க அவள் தினமும் அலமாரியைத் திறந்து பார்த்திருக்கிறாள். அடியில் கொஞ்சம் மட்டும் மிச்சம் இருந்தபோது பம்பின் ஒயரைப் பிடுங்கிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. மீனுக்குத் தீனி போட்டாள், விளக்குப் போட்டாள், அது போதும் என்று நினைத்துவிட்டாள்.

நான் அடுத்த முறை வந்தபோது ஊதாப் பவளத்தின் நுனியெல்லாம் வெளுத்துக் கிடந்தது. பயந்துபோய், நீ பவளம் வாங்குகிற உக்கடத்துக் கடை சலீம் பாயைக் கூப்பிட்டேன். மனிதர் கடையைச் சாத்திவிட்டு உடனே வந்தார். ஊசிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினார். நிறம் சீக்கிரமே மாறிவிட்டது.

"ஆல்க் ரொம்ப எறங்கிக் கெடக்குதுங்க்கா" என்றார். "கார்த்தி இப்புடி உடவே மாட்டாரே. பம்பு ஓடலீங்களா?"

அப்போதுதான் அம்மா சொன்னாள். "நாந்தானுங்க நிறுத்துனேன். அவங் கலக்குன தண்ணி. அதுந் தீந்துபோச்சுன்னா அவங் கைபட்டதுன்னு எனக்கு என்ன இருக்குது?"

சலீம் பாய் ஊசிக் குழாயைக் கீழே வைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "அம்மா, பவளத்துக்கு எலும்பு கட்டறதுக்கு இந்த ரெண்டும் வேணுமுங்க. தண்ணியில இருக்கறதைத் தெனமும் உறிஞ்சிக்கிட்டே இருக்குமுங்க. நாம தெனமும் திருப்பிக் குடுத்துட்டே இருக்கோணும். நிறுத்துனா அது நின்னு போயிருமுங்க."

மிச்சத்தை அம்மா இரண்டு பாட்டில்களில் ஊற்றி எடுத்துக்கொள்ளட்டும், நாம் புதிதாகக் கலக்கலாம் என்றார். வாளி எடுத்துவந்தேன். இரண்டையும் தனித்தனியாகத்தான் கலக்க வேண்டும், ஒன்றாகச் சேர்ந்தால் சுண்ணாம்பாகத் திரிந்துவிடும் என்றார். குறைந்ததைச் சட்டென்று ஏற்றிவிடவும் கூடாதாம். ஒரே நாளில் ஏற்றினால் மிச்சம் இருப்பதும் செத்துவிடுமாம். நான் தூளைக் கொட்டினேன், அவர் குச்சியால் கலக்கினார். கலக்கிக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க்கா, கார்த்திக்கு நெஞ்சு வலி முன்னாடியே இருந்துச்சுங்களா? எங்கிட்டச் சொன்னதே இல்லீங்களே."

வழக்கமான பதில் நாக்குவரை வந்தது. அதற்குமேல் வரவில்லை.

"நெஞ்சு வலியெல்லாம் இல்லீங்க பாய். அவனே உசுர மாய்ச்சுக்கிட்டான்."

குச்சி நின்றுவிட்டது. தலையைத் தூக்கினேன். சலீம் பாய்க்குப் பின்னால், கதவோரம் அப்பா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வாளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், இதை ரெண்டு கேன்லயுங் கலக்கி ரொப்பறதுக்கு எத்தன நேரமாகுமுங்க?"

"நல்லாக் கரையோணுங்க ஐயா. ஒரு மணி நேரம் ஆயிருமுங்க."

அப்பா தலையாட்டினார். "அன்னிக்கு அவன் இங்க கலக்கறப்ப நான் முன் ரூம்புலதான் இருந்தேன். பேப்பர் படிச்சுட்டு இருந்தேன். வாளிச் சத்தங் கேட்டுச்சு. இவனுக்கு இதே பொழப்பாப் போச்சுன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஒரு மணி நேரம். எந்திரிச்சு வந்து என்ன கண்ணுன்னு ஒரு வார்த்தை கேக்கலை."

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். அழுகிற சத்தம் கேட்டது. சலீம் பாய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெறுமனே நின்றார். கால்சியத் தூள் கரைந்ததில் சூடேறியிருந்த கரைசல் ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் நான்தான் இரண்டையும் கேன்களில் ஊற்றிப் பம்பை மாட்டினேன்.

ஊதாவுக்கு அது தாமதம், கண்ணு. காரத்தன்மை மெல்ல மெல்ல ஏறியது, ஆனால் நுனியில் தொடங்கிய வெளுப்பு அடிவரை இறங்கிவிட்டது.

இப்போது தண்ணீர்ச் சோதனையெல்லாம் அப்பாதான். கண்புரை இருப்பதால் நிறம் மாறுவது அவருக்குச் சரியாகத் தெரிவதில்லை. "மாறிருச்சா பாரு" என்று அம்மாவைக் கூப்பிடுவார். அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து வருவாள். இரண்டு பேரும் ஜன்னல் வெளிச்சத்தில் அந்தச் சின்னக் குப்பியைப் பிடித்துக்கொண்டு, மாறிவிட்டது, இல்லை என்று வாதாடுவார்கள். அந்த வீட்டில் இப்போது நடக்கும் பேச்சு ஏறக்குறைய அவ்வளவுதான். சாப்பாட்டு நேரத்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

வெளியாட்களிடம் அப்பா இன்னும் நெஞ்சு வலி என்றுதான் சொல்கிறார். போன வாரம் அவரிடம், தம்பிக்கு ஒரு கடிதம் எழுதப்போகிறேன், நடந்ததை நடந்தபடி எழுதுவேன், ஊரே படிக்கும் என்று சொன்னேன். வேண்டாம் என்பார் என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு வாய் வரலை அம்மணி. நீ எழுதீரு" என்றார்.

எழுதிவிட்டேன், கண்ணு. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அது தீரும் என்று தோன்றவில்லை. ஆனால் இனி உன்னை ஒரு பொய்க்குள் வைத்து மூட மாட்டேன். கேட்பவர்களிடம், என் தம்பி தூக்கம் இல்லாமல் கிடந்தான், அது எங்களுக்குப் புரியவில்லை, அவனும் யாரிடமும் சொல்லவில்லை, அப்படியே போய்விட்டான் என்றுதான் சொல்வேன். சொல்லிவிட்டு உடனே நகர்ந்துவிட மாட்டேன். உங்கள் வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்களா என்று அவர்களிடமும் கேட்பேன். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை உட்கார்ந்திருப்பேன்.

உன்கூடப் பிறந்தவள்,
உன் அக்கா