டீசல் கப்பல்காரர் மனைவி

கரையான்சாவடி,
ஞாயிறு மாலை

அன்புள்ள இவானுக்கு,

உங்கள் எவாஞ்சலின் எழுதுவது. இங்கே அம்மா, அப்பா எல்லோரும் சுகம். நானும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் வயிறு எரிகிறது. போனில் சொன்னால் "அப்புறம் பேசலாம்" என்று நழுவிவிடுவீர்கள். கடிதமென்றால் மும்பைக்குத் திரும்பியதும் முழுதாகப் படித்தாக வேண்டும்.

நேற்று ரெனிதாவுக்கு வளைகாப்பு. என் கூடப்பிறந்த தங்கைதான், இருந்தாலும் சொல்கிறேன், அவள் உட்கார்ந்திருந்த தோரணையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவள் புருஷன் பிராங்க் விசாகப்பட்டினத்திலிருந்து லீவில் வந்திருந்தார். கப்பல் எங்கே போகும் என்று யாராவது கேட்டால் அவர் சிரிப்பார். உடனே இவள், "அதெல்லாம் சொல்லக்கூடாது ஆன்ட்டி, அணு கப்பல் இல்லியா" என்பாள். வாயைத் திறக்காத வேலைக்கு இவ்வளவு மரியாதை. உங்கள் டீசல் கப்பலும் கடலுக்கடியில்தானே போகிறது? உங்களைப் பற்றி ஒரு ஆள் விசாரிக்கவில்லை. கல்யாணமாகி எனக்கு ஆறு வருஷம், அவளுக்கு இரண்டு. வளையல் போட என்னைக் கடைசியாகத்தான் கூப்பிட்டார்கள். ஏன் என்று உங்களுக்கும் தெரியும்.

சாப்பாட்டுப் பந்தியில் பிரகாசம் சித்தப்பா ஆரம்பித்தார். ஆவடி டாங்கி ஃபேக்டரியிலிருந்து ரிட்டயர் ஆனதிலிருந்து முப்படையும் அவர் பொறுப்புதான். புதிதாக டீசல் நீர்மூழ்கிகள் வாங்கப் போவதாக டிவியில் பார்த்தாராம். "கையில அணு கப்பல வெச்சிக்கினு டீசலுக்கு இன்னாத்துக்குபா கோடி கோடியா கொட்டணும்? அது மாசக்கணக்கா உள்ளயே கீது. இது பேட்டரி தீந்தா மேல வந்து மூச்சு வாங்குது" என்றார். பந்தி முழுக்க என்னைப் பார்த்தது.

நான் சும்மா விடவில்லை. நீங்கள் சொன்னதையெல்லாம் சொன்னேன். பேட்டரியில் ஓடும்போது டீசல் கப்பல் சத்தமே போடாது, கரையோரத்தில் ஆழம் குறைந்த இடத்தில் பெரிய கப்பலுக்கு வேலையில்லை, அணு கப்பல் ஒன்றின் விலைக்கு டீசலில் இரண்டு மூன்று வாங்கலாம் என்றேன். சித்தப்பா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். அப்போது பிராங்க், "அக்கா சொல்றது கரெக்டு சித்தப்பா. இவான் அண்ணன் மாதிரி ஆளுங்க இல்லேன்னா நாங்க ஒண்ணும் பண்ண முடியாது. ரெண்டும் வேணும்" என்றார். சித்தப்பா பேசியதைக் கூடப் பொறுத்துக்கொள்வேன். பிராங்க் உங்களுக்காகப் பரிந்து பேசியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பாயசம் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

அணு கப்பல் பயிற்சிக்கு வர விருப்பமா என்று உங்கள் ஆபீசர் கேட்டதாகச் சொன்னீர்கள். இன்னும் என்ன யோசனை? விருப்பம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அவளுக்கு முன்னால் நான் ஒரு நாளாவது நிமிர்ந்து உட்கார வேண்டும். மாதா உங்களுக்கு நல்ல புத்தி கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
எவாஞ்சலின்


கரையான்சாவடி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள இவானுக்கு,

போன வாரம் போனில் பேசியும் திருப்தியில்லாமல் இதை எழுதுகிறேன். சுற்றிலும் ஆட்கள். உங்களுக்கென்று வைத்திருந்த விஷயத்தைச் சொல்வதற்குள் உங்கள் பக்கம் யாரோ கூப்பிட்டுவிட்டார்கள்.

ரெனிதாவுக்குப் பெண் பிறந்தது உங்களுக்குத் தெரியும். பிராங்குக்குத் தெரியாது. பிரசவத்துக்கு முன்பே கப்பல் கிளம்பிவிட்டது. எங்கே, எப்போது வரும், ஒன்றும் தெரியாது. அப்பா விசாகப்பட்டினத்துக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு, வந்ததும் சொல்கிறோம் என்றார்களாம். குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்று இரண்டு நாள் விளக்கொளியில் வைத்திருந்தார்கள், அதுவும் அவருக்குத் தெரியாது. இப்போது சரியாகிவிட்டது.

பேர்தான் பெரிய பிரச்சினை. "மூஞ்ச பாத்துட்டு நான்தான் பேர் வெப்பேன், அதுவரைக்கும் யாரும் வாயத் தொறக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஞானஸ்நானத்துக்கு ஃபாதர் பேர் கேட்டார். குழந்தையோட அப்பா வரட்டும் ஃபாதர் என்று சொல்லி இவள் தள்ளிப் போட்டுவிட்டாள். பிள்ளை இன்னும் வெறும் பாப்பாதான்.

அந்த நேரத்தில்தான் நீங்கள் கூப்பிட்டீர்கள். ஸ்பீக்கரில் போட்டது என் தப்பு. அவள் அறையிலிருந்து நைட்டியோடு ஓடிவந்து குழந்தையைப் போனுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "மாமா, ஒருவாட்டி பாப்பான்னு கூப்பிடுங்க. ஒரு ஆம்பள குரல் அவ காதுல உழட்டும்" என்றாள். நீங்கள் கூப்பிட்டதும் அது அழுகையை நிறுத்தியது. நீங்களும் விடாமல் கொஞ்சினீர்கள். எனக்கு வந்த போன், எனக்குரிய நிமிஷங்கள். பொறாமையாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

ஆனால் போனை வைத்த பிறகு ரெனிதா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். வளைகாப்பு அன்று நான் அவளைப் பார்த்த பார்வை அது. "உனக்கின்னாக்கா, மாமா பேசறாரு" என்றாள். பாவம் என்று தோன்றவேண்டும். தோன்றியது, கொஞ்சம் தாமதமாக. முதலில் வந்தது சந்தோஷம்தான்.

நேற்று சித்தப்பா வந்து மறுபடி டீசல் கப்பல் செலவைப் பேசினார். நிறைய வாங்கட்டும், இன்னும் பத்து வாங்கட்டும் என்றேன். அணு கப்பல் தூரத்து எதிரிக்குப் பயம் காட்டட்டும், பக்கத்துக் கடலுக்கு நம் ஆட்கள் வேண்டும் என்றேன். "அத்த வுடு. உன் ஊட்டுக்காரர அங்க மாறச் சொல்லி நீதானம்மா எழுதினே?" என்று கேட்டார். அம்மா சொல்லியிருக்கிறாள். நாட்டுக்கு எது நல்லது என்று பெரியவர்கள் முடிவு பண்ணட்டும். மேலே வந்து போன் பண்ணுகிற புருஷன் எனக்கிருக்கிறார், ரெனிதாவுக்கு இல்லை. அதை யாருக்காகவும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கையெழுத்துப் போட வேண்டாம். நான் எழுதிய முந்தைய கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். உங்கள் ஆபீசரிடம், வீட்டில் சம்மதிக்கவில்லை என்று என் தலையில் பழி போட்டாலும் சரி.

இந்த மாதம் அம்பத்தூர் வேலைக்குப் பஸ்ஸில் போகவேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ரெனிதாவுக்கு இன்னும் சொல்லவில்லை. முதலில் உங்களுக்குத்தான்.

ஒருவேளை ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களென்றால் கோபப்பட மாட்டேன். ஆனால் கீழே போவதற்கு முன்னால் ஒன்று மட்டும் செய்யுங்கள். ஆணென்றால் என்ன பேர், பெண்ணென்றால் என்ன பேர் என்று இரண்டையும் சொல்லிவிட்டுப் போங்கள்.

உங்கள்,
எவாஞ்சலின்