பதில் வராவிட்டால் ஆம்

பணிநாள் 702 | காலை 08:10
காற்று, நீர், வெப்பம் சரி. உறங்குவோர் அனைவரும் நலம். விழித்திருப்பவன் நான் ஒருவன்தான்: ரூபஸ், கப்பலின் தரவுத்தளப் பொறியாளன். இன்னும் சில நாளில் ஷாஜிதா எழுந்து என் பணியை ஏற்றுக்கொள்வாள். பிறகு நான் படுத்துவிடலாம். இரண்டு வருடமாக இந்த ஒரு நினைப்பில்தான் வண்டி ஓடுகிறது. இந்தக் குறிப்புகளும் அவளுக்குத்தான்.

இன்றும் துப்புரவு வேலை. தரவுத்தளத்தில் பன்னிரண்டு வகை இண்டெக்ஸ்கள் இருக்கின்றன. புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி, எது எங்கே என்று காட்டுபவை. மையநிரல் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விசாரிக்கிறது: நீ இந்த வகையா, அப்படியானால் இப்படி. இதே விசாரணை நூற்றுக்கணக்கான இடங்களில். எழுதியவன் கையில் கிடைத்தால் நன்றாக நாலு வார்த்தை கேட்பேன்.

பணிநாள் 704 | மாலை 16:40
மையநிரலை மாற்றி எழுதுகிறேன். இனி அது பெயரைக் கேட்க வேண்டாம், குணத்தைக் கேட்டால் போதும். வரிசைப்படி தருவாயா? நீ காட்டும் பதிவு உறுதிதானா, நான் சரிபார்க்க வேண்டாமா? அந்தந்த வகையே பதில் சொல்லட்டும். பழைய வகைகளுக்கு இந்தக் கேள்விகளே தெரியாது, வாய் திறக்காது. பதில் வராவிட்டால் "ஆம்" என்று வைத்துக்கொண்டேன். பெரும்பாலானவற்றுக்கு அதுதான் சரியான பதில். ஒவ்வொன்றாய்த் திறந்து பார்க்கத் தெம்பில்லை.

பணிநாள் 706 | காலை 11:05
தரைநிலையத்திலிருந்து என் மேலதிகாரி கோமதிநாயகம் சார்:
"ரூபஸு, அந்தக் குப்பைய இங்க ஒருத்தரும் தொடப் பயந்துல்ல கெடந்தாங்க! நானும் பாத்துட்டேன், டெஸ்ட் எல்லாம் பாஸ். ஏத்திருப்பா. போய்க் கொஞ்சம் கண்ண மூடு."
புது நிரலைக் கப்பலில் ஏற்றிவிட்டேன். மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

பணிநாள் 711 | காலை 09:00
ஷாஜிதாவை எழுப்பத் தொடங்கியாயிற்று. படுக்கும்முன் அவள் எனக்காகப் பதிவு செய்து வைத்ததை மறுபடி கேட்டேன்:
"ரூபஸ்ணே, நான் எந்திரிச்சதும் சூடா காப்பி வேணும், சொல்லிட்டேன். எனக்கு அடுத்து எங்க ராத்தா நூர்நிஷா. அவள நான் எழுப்பிக்கிறேன். நீங்க பேசாமப் போய்ப் படுங்க."
காப்பி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பணிநாள் 711 | 09:40
ஷாஜிதாவின் நாடி விழுகிறது. எழுப்பும் மருந்து ஏறிக்கொண்டே இருக்கிறது. திரையில் அவள் பெயர் இல்லை. நூர்நிஷா என்று இருக்கிறது.

மருந்துப் பம்பை நிறுத்திவிட்டேன்.

பணிநாள் 711 | 09:52
புரிந்துவிட்டது. படுக்கைகள் மாறிப்போகலாம் என்பதால், எழுப்பும்போது இரத்தக் குறிகளை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறோம். அதற்கென்று ஒரு பழைய இண்டெக்ஸ், எழுப்பும்போது மட்டும் வேலைக்கு வருவது. அது ஏறக்குறையப் பொருந்துகிற நாலைந்து பேரைக் காட்டும். அவர்களில் சரியான ஆள் யார் என்று மையநிரல்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். உறுதிதானா என்று கேட்டோம். அது பதில் சொல்லவில்லை. ஆம் என்று எடுத்துக்கொண்டு, முதலில் நின்ற ஆளின் மருந்தைக் கொடுத்துவிட்டது.

அக்காவும் தங்கையும். குறிகள் அடுத்தடுத்து. சோதனைத் தரவில் உடன்பிறந்தவர்கள் யாருமே இல்லை.

அக்காவின் அளவு இவள் அளவைப் போல இரண்டு மடங்கு.

பணிநாள் 711 | 10:15
மாற்று மருந்தின் அளவுக்கு ஷாஜிதாவின் சொந்தப் பதிவு வேண்டும். எந்த இண்டெக்ஸையும் நம்பவில்லை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முதல் வரியிலிருந்து வரிவரியாகப் படிக்க விட்டிருக்கிறேன். உறங்குவோர் ஒவ்வொருவருக்கும் நிமிடத்துக்கு ஒரு வரி, பல வருடங்களாக. ஊர்கிறது. சீக்கிரம். சீக்கிரம்.

பணிநாள் 711 | 11:30
கிடைத்தது. கொடுத்தேன். நெஞ்சை அழுத்தினேன், கை மரத்துப்போகும்வரை. பிறகும் அழுத்தினேன்.

போய்விட்டாள்.

பணிநாள் 712 | மதியம் 13:20
பதில் வராவிட்டால் "இல்லை" என்று மாற்றிவிட்டேன். ஒரே ஒரு சொல். அதற்குப் பத்து விநாடிகூட ஆகவில்லை. அழுகை நிற்க மாட்டேன் என்கிறது.

தரைநிலையம்:
"ரூபஸு... நீ மட்டும் இல்லப்பா. நானுந்தான பாத்தேன், நாந்தான ஏத்தச் சொன்னேன். தனியா கெடக்காத. அடுத்த ஆள எழுப்பு. இது ஆர்டர்னே வச்சுக்கோ."

அடுத்த ஆள் நூர்நிஷா.

பணிநாள் 714 | காலை 07:30
இரண்டு நாளாகப் பொத்தானில் விரலை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். மருந்தளவைக் கையால் கணக்கிட்டேன், மூன்று முறை. இன்று அழுத்திவிட்டேன். நாடி சீராக ஏறுகிறது. இந்த முறை எந்தத் தவறும் இல்லை.

நூர்நிஷா, இனி இந்தக் குறிப்புகள் உங்களுக்கு. இதைப் படிக்கும் முன்பே என் வாயால் சொல்லிவிட வேண்டும் என்றிருக்கிறேன். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

07:52
இமை அசைகிறது. உதடும். கண்ணைத் திறந்து, என்னைத் தாண்டிப் பக்கத்தில் உங்கள் தங்கையின் படுக்கையைத்தான் பார்க்கிறீர்கள். கேட்கப்போகிறீர்கள். நான்