சன்னலோரம் ஆண்டவருக்குப் போட்ட நாற்காலி

என் பிரியமான எஸ்தருக்கு,

நீ கர்த்தரிடம் போன பிறகும் தினமும் துடைக்கிறேன். முதலில் சாப்பாட்டு மேசை, பிறகு சன்னல் கம்பி, கடைசியில் அந்த நாற்காலி. நீ வைத்த வரிசைதான்.

கள்ளக்குறிச்சியில் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்றே அந்த வயர் நாற்காலியை மேற்குச் சன்னலோரம் போட்டாய். “இது ஆண்டவரோட எடம். வூட்டுக்குத் தலைவர் அவருதான். யாரும் குந்தக் கூடாது.” யாரும் உட்கார்ந்ததில்லை. எதைச் செய்வதானாலும் அங்கே கேட்க வேண்டும். “ஃப்ரிட்ஜ் வாங்கக்கூடவா?” என்றேன் ஒருமுறை. “அவரு வூட்ல அவரக் கேக்காம இன்னாத்த வாங்கறது?” என்றாய். நீ எதிரே உட்கார்ந்து பேசுவாய். நான் கதவருகே நின்று ஆமென் மட்டும் சொல்வேன்.

இப்போது நம் சாமுவேல் வீட்டை விற்றுவிட்டு, கோவையில் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறான். கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். “யாரக் கேப்பீங்க, அப்பா? அம்மாதான் இல்லியே” என்றான். சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கு எப்போதும் அதுதானே சுலபம்.

நேற்று மதியம் வீடு பார்க்க ஒருவர் வந்தார். சின்னசேலத்தில் விதைக்கடை வைத்திருக்கிறாராம். கூடத்தில் கால் வைத்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“பெரியவரு கீறாரு போல. நான் அப்புறமா வர்றேங்க சார்.”

“நான் ஒருத்தன்தாங்க இங்க.”

“இன்னா சார், பட்டப்பகல்ல வெளையாடறீங்க? சன்னலாண்ட குந்திக்கினு மலையப் பாத்துக்கினு கீறாரே.” செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: “விக்கறதுக்கு முன்னாடி அவரக் கேட்டீங்களா?”

திரும்பிப் பார்த்தேன். காலி நாற்காலி. சன்னலுக்கு வெளியே கல்வராயன் மலை. வெயிலில் இருந்து வந்தவருக்குக் கண் கூசியிருக்கலாம். ஆனால் குனிந்து பார்த்தபோது, யாரும் உட்காராத அந்த நாற்காலியின் வயர் நடுவில் தொய்ந்திருந்தது. பழசானால் தொய்யும்தானே? நீ இருந்தபோதும் இப்படித்தான் இருந்ததா? தினமும் துடைக்கிற நான் எப்படிக் கவனிக்காமல் போனேன்?

எனக்குப் பயம் வந்துவிட்டது, எஸ்தர். “ஆமென்” என்று காலமெல்லாம் சொன்னேனே, அங்கே ஆள் இல்லை என்ற தைரியத்தில்தான் சொன்னேனோ? காலி நாற்காலிக்குக் கீழ்ப்படிவதில் கஷ்டம் ஒன்றுமில்லை. அவர் இரு என்றால் மகனை மறுத்துப் பேச வேண்டும். போ என்றால் உன் கல்லறையை விட்டுப் போக வேண்டும். இந்தப் பயத்தோடுதான் நீ அங்கே உட்கார்ந்து பேசினாயா?

இன்று காலை சாமுவேலைக் கூப்பிட்டு, விற்பது இப்போதைக்கு நிற்கட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்றேன். யாரை என்று அவன் இந்த முறை கேட்கவில்லை.

இதை எழுதும்போது என் முதுகுக்குப் பின்னால் வயர் முனகியது. காற்று இல்லை. நான் திரும்பவில்லை.

கையெழுத்துப் போட்டதும் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்காருவேன். இனிக் கதவருகே நிற்க மாட்டேன். கேட்பேன். என்ன சொன்னாலும் செய்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

என்றும் உன் கணவன்,
ஞானமுத்து