மறுமணி கேளாத வடவாயில்

திருவும் திறலும் பெருகுக. செம்மணற்கோட்டத்து இளவரசர் வாளேந்தும் வயதெய்தும்வரை அரியணை காத்து வீற்றிருக்கும் பூதவல்லித் தேவியார், தென்துறைக் கோட்டையின் காவல்பூண்ட படைத்தலைவர் ஏனாதி பொறையனார்க்கு விடுக்கும் ஓலை இது. நும் மதில் நிற்க. மதிலினுள் உறங்குவோர் அச்சமின்றி உறங்குக. அவையில் இருவர் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்த இரைச்சலுக்கு நடுவே எழுதத் தொடங்கப்பெற்றமையின், அவ்விரைச்சலும் இதனுள் கேட்கும், பொறுத்தருள்க.

"முறைப்படி நடந்தவனைத் தண்டித்தால் நாளைக்கு எந்தக் காவலன்..."

"முறையாம் முறை! என் பொண்ணுங்க ரெண்டு பேரையும் கதவோட சேத்துக் கருக்குன முறைதானே?"

"அம்மா, நான் பேசி முடித்துவிடுகிறேன்..."

"நீங்க முடிச்சது போதும் அய்யா!"

பேசியவர் தலைமை அமைச்சர் கீரந்தையார். மறித்தவள் செக்குத் தெருக் கொற்றி. இருவருக்கும் நடுவே, கையில் விலங்கோடு குனிந்து நின்றான் வடவாயில் காவலன் வேட்டன். அவன் தலை கழுத்தில் இருப்பதா, மண்ணில் விழுவதா என்பதே அன்றைய வழக்கு.

நடந்ததை ஏனாதியார் அறிக. கீரந்தையார் வகுத்த காவல்முறைப்படி, பகை வரக் கண்டால் கூண்டில் மணி ஒலிக்கும், ஒலித்ததும் வாயில் அடைபடும், மறுமணி கேட்டாலன்றி அது திறவாது. தீப்பற்றினாலோ பறை முழங்கும், முழங்கியதும் வாயில் திறந்து மக்களை ஆற்றங்கரைக்கு விடல் வேண்டும். தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் பழுதில்லை. நும் கோட்டையிலும் இவையே நடக்கின்றன. சென்ற தேய்பிறையில் வடக்கே புழுதி எழ, மணி ஒலித்தது, வேட்டன் அடைத்தான். வந்தது பகையன்று, மிரண்டோடிய மாட்டு மந்தை. அது தெளிந்து மறுமணி ஒலிக்குமுன் செக்குத் தெருவில் தீப்பற்றியது. பறை முழங்கியது. காற்று சுழன்றடித்ததில் மணிக்கூண்டு எரிந்து சரிந்தது, மணியடிப்போனும் அதனோடு போனான். தென்வாயிலுக்குச் செல்லும் வழியெல்லாம் நெருப்பு. ஊர் முழுதும் வடவாயிலில் வந்து மோத, மதில்மேல் நின்ற வேட்டன் மறுமணிக்குக் காத்திருந்தான். கடைசியில் கதவு எரிந்து விழுந்தே வாயில் திறந்தது.

கூண்டு சரிந்ததை நீ காணவில்லையோ என்று தேவியார் வினவினார்.

"கண்டேன் தாயே."

"அப்புறம் எந்த மணிக்குடா காத்துக்கிட்டு நின்னே?" என்று பாய்ந்தாள் கொற்றி.

வேட்டன் அவள் பக்கம் திரும்பவில்லை. "எனக்கு முன்னாலே இருந்த காவலன், பேறுகால வலியில துடிச்ச ஒருத்திக்காக மறுமணிக்கு முன்னமே திறந்துட்டான். அவன் வலக்கையை அமைச்சர் வெட்டச் சொன்னாரு. அந்தக் கையை எடுத்துப் புதைச்சவன் நான். திறவுகோலை எங்கிட்ட நீட்டினப்போ அதுல ரத்தம் காயலை."

தேவியார் அமைச்சரை நோக்கினார். கீரந்தையார் தம் மேலாடையைச் சரிசெய்துகொண்டார்.

ஆதலின் பணிப்பது யாதெனில்: வேட்டன் உயிர் வாழ்க, ஆயின் வாளும் வாயிலும் அவனுக்கு இனி இல்லை. இவ்வோலை சுமந்து வருபவன் அவனே. நிகழ்ந்ததை நும் காவலர்க்குத் தன் வாயாலேயே சொல்லக் கடவன். அடைக்கச் சொல்லும் எக்கட்டளையிலும், திறக்கச் சொல்ல வேண்டியவன் மாண்டால் திறப்பவன் யார் என்பதும் சேர்க்கப்படுக. ஒன்று நடந்துகொண்டிருக்கையில் மற்றொன்று குறுக்கிட்டால் எதற்கு முதலிடம் என அவை கூட்டி ஆராய்க; ஆராயுங்கால் 'அப்படியெல்லாம் நேராது' என்பவனை எழுப்பி வெளியே அனுப்புக. கண்ணால் கண்டு வாயில் திறந்தவன் கை வெட்டப்படலாகாது. இக்காவல்முறையைத் திருத்தி முடியுமட்டும் கீரந்தையார் அமைச்சு முத்திரையைத் தீண்டலாகாது. தேவியார் மோதிரம் பதிந்த அரக்கே இதற்குச் சான்று. கண்ட கணமே நிறைவேறுக.

அரக்கு உருகிக்கொண்டிருக்கையில், அவையை விட்டுப் போகாமல் தூணருகே நின்ற கொற்றி ஒன்று கேட்டாள். அதையும் விடாது எழுதுக எனத் தேவியார் பணித்தார்.

"மணிக்கு ஒரு முறை வெச்சீங்க, பறைக்கு ஒரு முறை வெச்சீங்க. எம் புள்ளைங்க அந்தக் கதவைத் தட்டித் தட்டிக் கத்துச்சுங்களே, அதுக்கு என்ன முறை வெச்சிருந்தீங்க தாயே?"