நீ விற்கச் சொன்ன கார்

டினூபா, கலிபோர்னியா
1957 செப்டம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் எல்டனுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா, லியோனா, நான் மூவரும் சுகம், நாய்க்குக் காதில் புல் விதை ஏறித் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது, டாக்டர் எடுத்துவிட்டார், இப்போது அதுவும் சுகம். ஜெர்மனியில் குளிர் ஆரம்பித்திருக்கும், நீ நல்லபடியாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறோம். எழுதுகிறோம் என்றேன், உண்மையில் எழுதுவது உன் தங்கை. என் வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது. பயப்படாதே, காரணம் கீழே வரும். நான் சொல்வதை அப்படியே எழுது என்றேன், நான் பேசுகிற மாதிரி எழுதினால் தன் பள்ளிக்கூடத்துக்கே அவமானம் என்கிறாள். ஆகையால் வாக்கியங்கள் ஒழுங்காக இருந்தால் அது அவள் வேலை. (அண்ணா, நான் லியோனா. அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான் சேர்ப்பது. அப்பா விட்டுவிடுவதைச் சேர்த்துக்கொள்ள அனுமதி வாங்கியிருக்கிறேன். தான் அதிகம் விடப்போவதில்லை என்று நினைத்துக் கொடுத்துவிட்டார்.)

உன் கடிதம் வந்து சேர்ந்தது. ராணுவத்தில் இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா என்று யோசிக்கிறேன், கிறிஸ்துமசுக்குள் பதில் சொல்ல வேண்டும், எப்படியும் காரை விற்றுவிடுங்கள், ஷெட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டாம் என்று எழுதியிருந்தாய். நல்லது. கார் உன்னுடையது, நீ சொன்னால் சரி. விற்பது என்று நானும் முடிவு செய்தேன். ஆனால் இருந்தபடியே விற்றால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். உன்னைப் போலப் பழைய ஃபோர்டில் ஓல்ட்ஸ்மொபில் எஞ்சினை வைத்தவன் இந்தப் பள்ளத்தாக்கில் தெருவுக்கு ஒருவன் இருக்கிறான். எஞ்சினுக்குள் காற்றை அடித்து ஏற்றும் சூப்பர்சார்ஜர் வைத்தது என்றால் வாங்க வருகிறவன் நின்று பார்ப்பான். அதற்காகத்தான் வைத்தேன், வேறு காரணம் இல்லை. (உன் கடிதத்தை அப்பா மேஜையிலேயே படித்தார். பிறகு ஷெட்டுக்குப் போய் உன் கார் மேலிருந்த போர்வையை எடுத்தார், கொஞ்ச நேரம் நின்றார், திரும்பவும் போர்த்திவிட்டு வந்து உருளைக்கிழங்கு சாப்பிட்டார். சூப்பர்சார்ஜர் பற்றி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.)

பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் ஹோமரை உனக்குத் தெரியும். அங்கே உடைக்கப் போட்டிருந்த பஸ்ஸின் டீசல் எஞ்சினிலிருந்து காற்றூதும் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தான், இந்த ஊதிதான் நமக்குச் சூப்பர்சார்ஜர். உள்ளே ஒரு விரல் கனத்துக்குக் கரி. உள்ளே சுற்றும் இரண்டு உருளைகளையும் வெளியே எடுத்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டி, பேரிங்கும் சீலும் புதிதாகப் போட்டேன். அந்த உருளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சுற்ற வேண்டும், ஆனால் ஒன்றையொன்று தொடக்கூடாது, சுவரையும் தொடக்கூடாது. சூடானால் அலுமினியம் விரியும், அதற்கும் இடம் விட வேண்டும். இடம் கூடினால் காற்று பின்வாங்கிவிடும், குறைந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். பற்சக்கரத்துக்குப் பின்னால் மெல்லிய தகடுகளை மாற்றி மாற்றி வைத்து இடைவெளியைச் சரி செய்தேன். அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, நம்ம கல்யாணமான புதுசுல நீங்க இவ்வளவு பக்குவமா இருந்திருந்தா நல்லாருந்திருக்கும் என்றாள். நான் அளவுத் தகட்டை இன்னொரு தடவை இடைவெளிக்குள் விட்டுப் பார்த்தேன்.

எஞ்சின் தலையில் கனமான கேஸ்கட் போட்டு அழுத்தத்தைக் குறைத்தேன், பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினேன், எஞ்சினுக்கும் ஊதிக்கும் நடுவில் வரும் மேனிஃபோல்டை அலுமினியத் தகட்டில் வெட்டி வெல்டிங் வைத்தேன். மேலே நான்கு கார்பரேட்டர். ஊதியைப் பிடிக்கும் போல்ட்டுகளுக்கு அடியில் ஸ்பிரிங் போட்டிருக்கிறேன், எஞ்சின் எப்போதாவது பின்பக்கமாக வெடித்தால் ஊதி ஒரு துள்ளு துள்ளி உட்காரும், உடையாது. எல்லாம் முடிந்ததும் ஹோமர் எஞ்சின் பக்கத்தில் நிற்க, நான் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்து ஸ்டார்ட்டரைச் சுற்றினேன். கார்பரேட்டர் வாயில் கை வைத்தால் உள்ளே இழுக்க வேண்டும். இழுக்கவில்லை, ஊதியது. கொஞ்சம் பெட்ரோலும் சேர்ந்து ஹோமரின் கண்ணாடியில் தெளித்தது. அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, யோவ் ஆர்லோ, எஞ்சினுக்குச் சோறு போடச் சொன்னா, தின்னதையும் வெளிய எடுக்குதேய்யா என்றான். விஷயம் என்னவென்றால், பஸ்ஸில் அது எஞ்சினின் பக்கவாட்டில் நின்ற பெட்டி, அதை நாம் படுக்க வைக்கிறோம். எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் கீழே என்பதில் இரண்டு பேருமே பஸ்ஸை நினைத்துக்கொண்டு தலைகீழாகப் பூட்டியிருக்கிறோம். டீசலோடு ரொம்ப நாள் பழகியவனுக்குத்தான் இந்தத் தப்பு வரும், தெரியாதவன் செய்திருந்தால் ஒருவேளை சரியாகவே பூட்டியிருப்பான்.

திருப்பிப் பூட்டினால் போல்ட் துளைகள் பொருந்தவில்லை. நடுவில் ஒரு பெட்டி செய்து வைக்க வேண்டியிருந்தது. அதை வெல்டிங் வைத்து முடித்த கையோடு எடுத்ததில்தான் கை வெந்தது. அலுமினியம் எவ்வளவு சூடானாலும் நிறம் மாறாது, பார்க்கச் சாதுவாக இருக்கும் என்று உனக்கு ஆயிரம் தடவை சொன்னவன் நான். இப்போது ஆயிரத்து ஒன்றாக எழுதுகிறேன். பெட்டி கொஞ்சம் உயரமாக அமைந்துவிட்டது. அதற்குக் காரணம் ஊதியைச் சுற்ற வைக்கும் பெல்ட். பண்ணைச் சாமான் கடையில் பருத்தி பறிக்கும் யந்திரத்துக்கான பெல்ட்தான் இருந்தது, அது அந்த நீளத்தில்தான் வரும், பெல்ட் நீளத்துக்குத் தகுந்தாற்போல ஊதி மேலே போக வேண்டியதாயிற்று. (அண்ணா, நானும் கடைக்குப் போயிருந்தேன். மூன்று நீளத்தில் பெல்ட் தொங்கியது. கடைக்காரர், எது வேணும் ஆர்லோ, அளவு எடுத்துட்டு வந்தியா என்று கேட்டார். அப்பா, பெருசு குடுப்பா என்றார். சின்னது போதுமே அப்பா என்று நான் சொன்னேன். நீ போய் நாய்க்குப் பிஸ்கட் பார் என்றார்.)

உயரத்தால் ஒரு சிறு சங்கடம் உண்டு. ஓட்டுகிறவனுக்குக் கண்ணாடி வழியாகச் சாலை தெரியாது, கார்பரேட்டர்கள்தான் தெரியும். நான் இரண்டு தலையணை போட்டுப் பார்த்தேன், அப்போது கால் பெடலுக்கு எட்டவில்லை. ஆகையால் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வாய்க்கால் கரையில் ஓட்டிப் பார்த்தேன். மகனே, அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று லியோனாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பெடலைத் தொட்டதும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. நம் பக்கத்துத் தோட்டக்காரர் வரிசைக்கு நடுவில் திராட்சையைக் காகிதத்தில் காயப் போட்டிருந்தார், கரைப் புழுதி முழுவதும் அதன் மேல் இறங்கியது. அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்து, உனக்கு வயசாகுதா இல்ல குறையுதாடா என்றார். நின்று கேட்க எனக்குச் சௌகரியப்படவில்லை, பிரேக் பிடிக்க வேண்டிய இடமும் தெரியவில்லை. மறுநாள் அம்மா பீச் பழ அப்பம் சுட்டுக் கொடுத்தனுப்பினாள். இப்போது பேசுகிறார். (வீட்டுக்கு வந்ததும் அப்பா இறங்காமல் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு தன் தலைக்கு மேலே, கார்க் கூரைக்குக் கொஞ்சம் கீழே கையை வைத்துப் பார்த்தார். நீ உட்கார்ந்தால் அந்த இடத்தில் உன் தலை வரும் என்று அம்மா சொன்னாள்.)

முடி வெட்டும் கடையில் விற்பனை அறிவிப்பு ஒட்டினேன். (காலண்டருக்குப் பின்னால்.) காலண்டரை யாரோ தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். நேற்று ரஸ்ஸல் என்று ஒரு பையன் பிரெஸ்னோவிலிருந்து வந்தான். நல்ல பையன், அடக்கமான உயரம். எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தான், வெல்டிங்கைத் தடவிப் பார்த்து, இது கடையில செஞ்சதா அங்கிள் என்று கேட்டான், அந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. உள்ளே உட்கார்ந்தவன், அங்கிள், ரோடு எங்க இருக்கு என்றான். முன்னாடிதான் இருக்கு தம்பி என்றேன். எனக்கு நாலு கார்பரேட்டர்தான் தெரியுது என்றான். நல்லதுதானே, எது மக்கர் பண்ணாலும் உடனே தெரிஞ்சிடும் என்றேன். அதோடு போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. பரவால்ல அங்கிள், அந்த நடுப் பெட்டிய வெட்டிக் குட்டையாக்கிக்கிறேன், சின்ன பெல்ட் போட்டாப் போதும், நீங்க கேக்குற விலையத் தர்றேன் என்றான். வாசலில் நின்ற அம்மா, அவர் இன்னும் விலையே சொல்லலையே தம்பி என்றாள். அது உண்மைதான், விலையைப் பற்றி நான் யோசித்திருக்கவில்லை.

அவனிடம் நியாயமாகப் பேசினேன். ஓடுறதைக் கண்ணால பாக்காம இந்த ஊர்ல யாரும் கார் வாங்கமாட்டாங்க, ஓட்டிக் காட்டாம நானும் விக்கமாட்டேன், அது நம்ம வழக்கம் என்றேன். சரி, ஓட்டிக் காட்டுங்க என்றான். எனக்கு உயரம் பத்தாது, ஓட்டுறவன் ஜெர்மனியில இருக்கான் என்றேன். அவன் அம்மாவைப் பார்த்து, ஆன்ட்டி, இவர் விக்கிறாரா இல்லையா என்றான். எனக்கும் அதுதான் தம்பி தெரியணும் என்றாள் அம்மா. வீட்டில் மீதியிருந்த பீச் பழ அப்பத்தை ரஸ்ஸல் சாப்பிட்டுவிட்டு, கிறிஸ்துமசுக்கு அப்புறம் வர்றேன், அதுவரைக்கும் வேற யாருக்கும் குடுத்துடாதீங்க என்று சொல்லிப் போனான். யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன், அதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இல்லை.

ஆக நிலைமை இதுதான். கார் தயார். வாங்குகிறவனும் தயார். ஓட்டிக் காட்ட ஆறடி மூன்று அங்குலம் உள்ள ஒருவன் வேண்டும், ஹோமர், நான், பாதிரியார் எல்லோரையும் உட்கார வைத்துப் பார்த்தாயிற்று, இந்த ஊரில் அப்படி ஒருவன் இல்லை. ஆகவே விற்பதற்காகவாவது நீ வர வேண்டியிருக்கிறது.

உன் வேலை விஷயத்தில் நான் ஒன்றும் சொல்லமாட்டேன், உனக்கு எது நல்லது என்று உனக்குத் தெரியும். கம்பளி சாக்ஸை ஈரத்தோடு போடாதே. அங்கே லாரிகளுக்குக் குளிரில் எந்த எண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று எழுது. சாப்பிடும் நேரத்தில் சாப்பிடு. அம்மா உனக்காக ஞாயிறுதோறும் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள், நானும் கூடத்தான் நிற்கிறேன். ஆண்டவர் உன்னைக் காத்து, நல்ல புத்தியும் சுகமும் தரட்டும். கிறிஸ்துமசுக்குள் நீ பதில் சொல்ல வேண்டியது அவர்களுக்கு மட்டுமல்ல என்பதை நினைவில் வை.

இடது கையால் கையெழுத்து,
உன் அப்பா ஆர்லோ

(அண்ணா, கையெழுத்துப் போட்ட பிறகு அப்பா முழுவதையும் படித்துக் காட்டச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எல்லாம் சரியா இருக்கு, ஒரு வார்த்தையை மட்டும் அடிச்சிடு என்றார். பெல்ட் பற்றி நான் எழுதியதைச் சொல்கிறார் என்று நினைத்தேன், அதை இல்லை. நீ வர வேண்டியிருக்கிறது என்பதற்கு முன்னால் விற்பதற்காகவாவது என்று இருக்கிறதே, அந்த வார்த்தை. பேனாவில் அடித்தால் கடிதம் அசிங்கமாகிவிடும் அப்பா, வேண்டுமானால் முழுவதையும் புதிதாக எழுதித் தருகிறேன் என்றேன். அசிங்கமா இருந்தா இருக்கட்டும், அவன் பாக்கட்டும் என்றார். நன்றாக அழுத்தி அடித்திருக்கிறேன்.)